டீஷர்ட்டார்

கட்டற்ற மென்பொருள் குழு எதுவானாலும் அதில் நிரல் எழுதுகிறவர் நாலு பேர், எழுதியதைக் குறை சொல்கிறவர் நாற்பது பேர், வீட்டில் டீஷர்ட் மூட்டை வைத்திருப்பவர் ஒரே ஒருவர். இந்தக் கடைசி ஆளை நான் டீஷர்ட்டார் என்பேன். எங்கள் குழுவின் டீஷர்ட்டார் வேளச்சேரியில், லிப்ட் இருந்தும் ஓடாத அடுக்ககத்தில், மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். கட்டிலுக்கடியில் ஐந்து அட்டைப்பெட்டி. பூஜை அலமாரிக்குக் கீழே ஸ்டிக்கர்.

அவரை யாரும் நியமிக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் குழுவின் விழா முடிந்த இரவு, "மீதிச் சட்டையை யார் வீட்ல வைக்கலாம்?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் போனைப் பார்த்தார்கள். இவர் அன்று கார் எடுத்து வந்திருந்தார். செய்த தவறு அது ஒன்றுதான்.

மென்பொருளை ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் நம்மிடம் இருப்பது குறையாது. சட்டை அப்படி இல்லை. அதிலும் எஸ் அளவு தீரவே தீராது, எல் வந்த அன்றே தீர்ந்துவிடும். 'ஃப்ரீ' என்றால் இலவசம் அல்ல, சுதந்திரம். தமிழில் 'கட்டற்ற' என்று சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை என்று கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசியவர் இவர். இப்போது அதே கல்லூரிகளில் மேசை போட்டு உட்கார்ந்தால் முதலில் வருகிற பையன் கேட்பது:

"அண்ணா, இது ஃப்ரீயா?"

"முன்னூத்தம்பது ரூபாய்ப்பா."

"ஃப்ரீ சாஃப்ட்வேர்னு போட்டிருக்கே?"

அவர் விளக்க ஆரம்பிப்பதற்குள் பையன் ஸ்டிக்கரில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய்விடுவான். ஒருவருக்கு இரண்டு என்று அட்டையில் எழுதி வைத்தும் பார்த்தார். அந்த அட்டையையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

ஆர்டர் போடுவதற்கு முன் அளவு கேட்க வேண்டும். பெயர், அளவு, எந்தத் துறையில் பங்களிப்பு என்று மூன்றே கேள்வியோடு கூகுள் படிவம் ஒன்றைக் குழுவில் போட்டார். கட்டற்ற மென்பொருள் குழு கூகுளிடம் போய் அளவு சொல்வதா என்று ஒருவர் கொதித்தார். மூன்று நாள் விவாதம். கொள்கை பற்றி நாற்பத்தேழு செய்தி வந்தது. அளவு ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் லிப்ரே ஆபீஸ் கால்க்கைத் திறந்து, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு அவரே எழுதிக்கொண்டார். "அண்ணா, நான் எல்தான், ஆனா உங்க எல் எப்படி இருக்கும்?" என்பவருக்குச் சொல்ல அவரிடம் பதில் இல்லை.

அடுத்தது திருப்பூர். குறைந்தது நூறு எடுக்க வேண்டும்; 180 ஜிஎஸ்எம், பயோ வாஷ், ரவுண்ட் நெக். "கவலையே படாதீங்க, வெள்ளிக்கிழமை லாரில ஏத்தீர்றனுங்க" என்று அச்சுக்காரர் சொன்னார். சொன்னபடி ஏற்றவும் செய்தார், மறு வெள்ளிக்கிழமை. பெட்டியைப் பிரித்தால், நெஞ்சில் 'மென்பொருள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ம-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. பொ-வின் கொம்பும் காலும் ஒரே பக்கம் ஒண்டியிருந்தன. கடையில் பழைய கோரல்டிரா. யூனிகோட் எழுத்தை ஒட்டினால் அதற்குத் தமிழ் மறந்துவிடும். அந்தக் கோரல்டிராவும் காசு கொடுத்து வாங்கியதில்லை. 1996இல் லாரி யூயிங் கிம்ப் என்ற கட்டற்ற மென்பொருளில் வரைந்த லினக்ஸ் சின்னமான டக்ஸ் பென்குயின், திருட்டு மென்பொருள் வழியாகத்தான் எங்கள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. இதைக் குழுவில் சொல்ல வேண்டாம் என்று டீஷர்ட்டார் என்னிடம் கையெடுத்துக் கேட்டுக்கொண்டார். இப்போதெல்லாம் இங்க்ஸ்கேப்பில் எழுத்தைக் கோடுகளாக மாற்றித்தான் அனுப்புகிறார்.

சட்டைக்காக மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014இல் தொடங்கிய ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், அக்டோபர் மாதத்துக்குள் கட்டற்ற திட்டங்களுக்கு நாலு திருத்தம் (புல் ரிக்வெஸ்ட்) அனுப்பினால் சட்டை உண்டு என்று ஒரு காலம் இருந்தது. 2020இல் ஊர்பேர் தெரியாத திட்டங்களின் ரீட்மீ கோப்பில் 'அருமை' என்கிற மாதிரி ஒரு சொல்லைச் செருகிவிட்டுச் சட்டைக்குக் கை நீட்டியவர்கள் ஏராளம். மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. 2023இல் சட்டையே கிடையாது, மின்னணுப் பதக்கம்தான் என்றார்கள். அந்தச் செய்தியைப் படித்து ஊரெல்லாம் வருத்தப்பட்டபோது இவர் மட்டும் கட்டிலுக்கடியில் ஏக்கத்தோடு பார்த்தார்.

வீட்டில் எதையும் தூக்கிப் போட விடமாட்டார். உபுண்டு குறுந்தகட்டைக் கேட்டவர்க்கெல்லாம் 2005லிருந்து 2011 வரை தபாலில் இலவசமாக அனுப்பினார்கள் அல்லவா, அதில் இரண்டு டஜன் இன்னும் இருக்கிறது. "என்னங்க, இதைப் போட்டுப் பார்க்கவே வீட்ல டிரைவ் கிடையாதே" என்று அவர் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்து, ஒருநாள் நூலில் கோத்துப் பால்கனியில் தொங்கவிட்டார். புறா வருவதில்லை. அவருடைய சேமிப்பில் இதுவரை வேலைக்கு ஆனது அதுதான்.

மிஞ்சிய சட்டைகள் அக்கம்பக்கத்தில் பரவிவிட்டன. கொம்பு இடம் மாறியவை அடுப்படியில் பாத்திரம் இறக்குகின்றன. டெபியன் சட்டையைத் தேய்க்கக் கொடுத்தபோது, அந்தச் சிவப்புச் சுழியைத் தடவிப் பார்த்த இஸ்திரிக்காரர், "சார் கொசுவத்தி கம்பெனியிலயா இருக்கீங்க?" என்றார். இவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் மதியம் ஆகிவிடும்.

பின்புறம் 'ஒருங்கிணைப்பாளர்' என்று அச்சிட்ட பென்குயின் சட்டை ஒன்று அடுக்ககக் காவலாளிக்குப் போயிற்று. போன மாதம் ஸ்டிக்கர் வாங்க வந்த மாணவன் அவரைக் கண்டதும் பயபக்தியோடு வணங்கி, கெர்னலுக்குப் பங்களிக்க எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறான். "மூணாவது மாடி. லிப்ட் ஓடாது, படியில போ தம்பி" என்றாராம் அவர்.

இந்த வருஷச் சட்டைக்கு அளவு கேட்டுக் குழுவில் செய்தி போட்டுப் பதினொரு நாள் ஆகிறது. நேற்று நானும் டீஷர்ட்டாரும் வெளியே கிளம்பினோம். வாசலில் காவலாளி எழுந்து நின்றார்.

"சார், இந்த வருசமும் பொம்மை சட்டை போடுறீங்களா? எனக்கு எக்ஸ்எல் சார். போன தடவை எல், கை பிடிக்குது."

டீஷர்ட்டார் அங்கேயே நின்று போனை எடுத்தார். காலியாகக் கிடந்த பட்டியலின் முதல் வரியில் பெயரை எழுதினார், அளவை எழுதினார். பங்களிப்புத் துறை என்ற கட்டத்துக்கு வந்ததும் ஒரு கணம் யோசித்துவிட்டு, 'செக்யூரிட்டி' என்று நிரப்பினார்.