டிரா இல்லீங்க, டை

சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் டீக்கடைக்கு ஒருவர் வீதம் இவர் இருக்கிறார். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ராசிபுரத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சலூனில் பேப்பர் படிப்பார். ஆத்தூரில் ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதுவார். வயது ஐம்பதை ஒட்டி. சட்டைப்பையில் பேனா, அதன் பக்கத்தில் இன்னொரு பேனா. மட்டை பிடித்து ஆடியதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. ஆனால் லோக்கல் டோர்னமென்ட் எதுவானாலும் ஸ்கோர் நோட்டு இவர் மடியில்தான். பையன் ஒருவன் கடைக்குள் நுழைந்து, "ஏனுங்ணா, மேட்ச் என்னாச்சு?" என்று கேட்க, டீ மாஸ்டர் "டிரா ஆயிருச்சுப்பா" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் மூலையில் பேப்பர் மெல்லத் தாழும். "டிராவா? எவன் சொன்னான் டிரான்னு? அது டைங்க. டை வேற, டிரா வேற." அத்தோடு அன்றைய வியாபாரம் அரைமணி நேரம் நின்றுபோகும்.

விளக்கத்துக்கு அவர் கையாளும் கருவி டீ கிளாஸ். இரண்டு கிளாஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். "ரெண்டு பேரும் அடிவரைக்கும் குடிச்சாச்சு, ரெண்டுலயும் ஒரே அளவு. இது டை. குடிச்சுட்டிருக்கும்போதே பஸ் வந்துருச்சு, ஒருத்தன் பாதிலயே வெச்சுட்டு ஓடிட்டான். இது டிரா." இதை வெறும் வாத்தியார்த்தனம் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் கிரிக்கெட் சட்டப் புத்தகம் அவர் பக்கம் நிற்கிறது. இரண்டு அணியின் ரன்களும் சமமாக இருக்க வேண்டும், கடைசியாக ஆடும் அணி தன் இன்னிங்ஸை முடித்திருக்கவும் வேண்டும், அப்போதுதான் டை. 'எப்படியும் ஜெயிச்சவன் யாருமில்லை, எந்தப் பேர் வெச்சா என்ன?' என்று கேட்பவர்களுக்கு அவர் சேப்பாக்கத்தைக் காட்டுவார். 1986 செப்டம்பர், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் 210 அடித்த டெஸ்ட். ஐந்தாம் நாள் இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரில் நாலு ரன் வேண்டும், கையில் ஒரு விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், அடுத்த பந்தில் ஒன்று எடுத்தார், ரன்கள் சமம். மணீந்தர் சிங் ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்து, அதாவது ஐந்தாவது, காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். டை. அந்த ஐந்தாவதையும் ஆறாவதையும் மணீந்தர் ரன் எடுக்காமல் தடுத்திருந்தால் அதே ஸ்கோர், அதே மைதானம், ஆனால் வெறும் டிரா. டெஸ்ட் வரலாற்றில் இதுவரை இரண்டே இரண்டு டை என்று இன்றைக்கும் பேசப்படும் பெருமை சென்னைக்குக் கிடைத்திருக்காது. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேன் காபாவில் நடந்தது. இந்த இடத்தில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் டெஸ்ட் ஆடினது எந்த கிரவுண்டுங்கறீங்க?" என்று கேட்பார். 2021 ஜனவரி, அதே காபா. வாதத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் ஊர்ப்பெயர் வந்ததும் கடையில் பாதிப் பேர் அவர் கட்சிக்கு வந்துவிடுவார்கள்.

மீதிப் பேருக்கு அவர் வைத்திருப்பது 2011 நவம்பர் வான்கடே. வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் சதம், இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து ஒன்பது விக்கெட் என்று அஸ்வின் ஒற்றை ஆளாக இழுத்த ஆட்டம். கடைசிப் பந்தில் இரண்டு ரன் எடுத்தால் வெற்றி. அஸ்வின் ஒன்று எடுத்து, இரண்டாவதுக்கு ஓடி ரன் அவுட் ஆனார். இந்தியா 9 விக்கெட்டுக்கு 242. ரன்கள் சமம், ஆனால் பிரக்யான் ஓஜா இன்னும் களம் இறங்கவில்லை. ஆகவே டிரா. 'ரன் சமமானால் டை' என்று குத்துமதிப்பாக நம்பிக்கொண்டிருக்கும் உலகத்துக்கு இதைவிட நல்ல சூடு வேண்டாம். இதுவரை அவர் சொல்வது சரிதான். இவரைக் கேலி செய்பவர்கள் இந்த இரண்டு ஆட்டங்களையும் தாண்டி வந்துதான் செய்ய வேண்டும்.

அவருடைய கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. கிரிக்கெட்டில், அதிலும் டெஸ்ட் மாதிரியான பல நாள் ஆட்டங்களில் மட்டும் செல்லுபடியாகும் ஒரு சட்டத்தை அவர் இங்கிலீஷ் இலக்கணம் என்று நினைத்துக்கொண்டுவிட்டார். ஒருநாள் ஆட்டத்துக்கு வந்தாலே டீ கிளாஸ் ஆட்டம் காண ஆரம்பிக்கிறது. 2003 உலகக் கோப்பை, டர்பன்: மழை வரும் முன் தென்னாப்பிரிக்கா 45 ஓவரில் 6 விக்கெட்டுக்கு 229. டக்வொர்த் லூயிஸ் கணக்குப்படி சமநிலைக்கான ரன்னும் அதே 229. இலக்கைத் தொட்டாயிற்று என்று நம்பி மார்க் பவுச்சர் கடைசிப் பந்தைப் பத்திரமாகத் தட்டி வைத்தார். பாதி டீ கிளாஸிலேயே இருக்கிறது, பஸ்ஸும் வந்துவிட்டது. ஆனாலும் அதன் பெயர் டை. போட்டியை நடத்திய நாடே முதல் சுற்றோடு வெளியேறியது. இதை யாராவது எடுத்துச் சொன்னால், "அது மழைக் கணக்குங்க, அதை விடுங்க" என்பார்.

விட்டாலும் செஸ் இருக்கிறது. 2013இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதிய பத்து ஆட்டங்களில் ஏழு டிரா. ஒன்றையும் பஸ் வந்து பாதியில் நிறுத்தவில்லை. ராஜாவுக்கு நகர இடமில்லாமல் முழுசாக முடிந்துபோன செஸ் ஆட்டமும் டிராதான். அங்கே டை என்பது போட்டி முடிவில் புள்ளிகள் சமமாக நிற்பது. அதை உடைக்கத்தான் டைபிரேக். கால்பந்தில் தொண்ணூறு நிமிஷமும் ஓடி முடித்து 1-1 என்றால் இங்கிலாந்துக்காரன் டிரா என்பான், அமெரிக்காக்காரன் டை என்பான், இருவரும் படித்தவர்கள்தான். டேவிஸ் கோப்பை டென்னிஸில் கதை இன்னும் மோசம். அங்கே இரண்டு நாடுகள் மோதும் மொத்தப் போட்டிக்கே டை என்று பெயர். யாராவது ஜெயித்தே தீர வேண்டிய ஒன்றுக்கு அந்தப் பெயர்! கபடிக்கு வந்தால், இந்த மண்ணின் ஆட்டத்துக்கே புரோ கபடி லீக் பல சீசன்களாக டை என்று எழுதி, ஆளுக்கு 3 புள்ளி கொடுத்தது. அங்கே நாற்பது நிமிஷம் முழுசாக முடிந்திருக்கும் என்பதால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கால்பந்திலும் நேரம் முழுசாக முடிந்துதானே டிரா வந்தது என்று யாராவது மடக்கினால் இரண்டாவது பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடுவார்.

இந்த நுணுக்கத்துக்கு உள்ளூரில் வேலையே இல்லை என்பதுதான் அவர் தலைவிதி. டென்னிஸ் பால் டோர்னமென்ட் நோட்டீஸில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, உபயம் யார் என்று வரிசையாக அச்சாகியிருக்கும். சமமாக முடிந்தால் யாருக்கு என்று ஒரு வரியும் இருக்காது. நுழைவுக் கட்டணம் கட்டி வந்தவன் சமாதானத்துக்காக வரவில்லை. ஸ்கோர் சமமானால் சூப்பர் ஓவர், வெளிச்சம் போனால் டாஸ், அதற்கும் சண்டை வந்தால் பணம் பாதிப்பாதி. ஏன், லார்ட்ஸிலேயே 2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரு பக்கமும் 241, சூப்பர் ஓவரிலும் 15க்கு 15. கடைசியில் பவுண்டரியை எண்ணி இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். டாஸ் போடுகிற நம் கமிட்டிக்காரர் அதைவிட யோக்கியமானவர் என்பது என் கட்சி.

பணம் பிரிந்த பிறகு மைக்கில், "ரெண்டு டீமுமே ஜாயின்ட் வின்னர்ங்க" என்று அறிவிப்பார்கள். கமிட்டியில் விவரம் தெரிந்த ஒருவர், 2002 சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இப்படித்தானே கொடுத்தார்கள் என்று முன்னுதாரணமும் காட்டுவார். பந்தலைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நம்மவர் மட்டும் ஸ்கோர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சேர் அடுக்கும் பையனிடம் சொல்லிக்கொண்டிருப்பார்: "கொழும்புல ரெண்டு நாளும் மழைடா தம்பி. அது டையும் இல்ல, டிராவும் இல்ல. அதுக்குப் பேரு நோ ரிசல்ட்."