பட்டியல் சித்தப்பா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு பட்டியல் சித்தப்பா இருப்பார். சில வீடுகளில் அவர் பெரியப்பா, சில வீடுகளில் அத்தை வீட்டு மாமா. அபூர்வமாகச் சில வீடுகளில் மூத்த மருமகள். உறவு எதுவானாலும் குணம் ஒன்றுதான். நாலு பேர் சேர்ந்து டீ குடிக்கப் போனாலும் யார் எந்த இருக்கையில், யாருக்குச் சர்க்கரை கம்மி, காசு யார் கொடுத்து யார் திருப்பித் தருவது என்று அவர் கையில் ஒரு தாள் இருக்கும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும் இடத்தில் அவரைத் தேடாதீர்கள். சமையல்காரரிடம் எத்தனை இலை விழுந்தது என்று கணக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எங்கள் சித்தப்பாவுக்கு இந்தக் கோடையில் பால்பண்ணை பிடித்துக்கொண்டது. பேரன் ஒருவன் பால் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, பாக்கெட்டைக் கொண்டுவந்து தரும் செயலியின் பெயரைச் சொல்லிவிட்டான். அன்று ராத்திரியே ‘பால்பண்ணைப் பயணம் – இறுதி’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு பிறந்தது. மறுநாள் ‘இறுதி 2’. முதல் குழுவில் கொழுந்தியாள் வீட்டைச் சேர்க்க விட்டுப்போனதால் வந்த வினை.

ஞாயிறா சனியா என்று வாக்கெடுப்பு நடந்தது. எல்லோரும் சனி என்றார்கள். ஞாயிறு என்று முடிவானது. அடுத்து வந்தது சுற்றறிக்கை. 1927-இல் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியே அங்கிருந்த இம்பீரியல் பால்பண்ணை நிலையத்துக்குப் போய் மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார், நமக்கென்ன வந்தது என்று தொடங்கி, சாம்பார் சாதத்தை யார் கட்டிவருவது என்பதில் முடிந்தது. தேசப்பிதாவையும் சாம்பார் சாதத்தையும் ஒரே பத்தியில் உட்காரவைக்க இந்த ரகத்து ஆட்களால்தான் முடியும்.

சுற்றறிக்கையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட எங்கள் பாட்டி அமுச்சி, “காசு குடுத்து மாடு பாக்கப் போறமா?” என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பது வருஷம் எருமைக்குத் தண்ணி காட்டியவள் அவள். அந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் சித்தப்பா பதில் சொல்லவில்லை.

நிகழ்ச்சி நிரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலை 6.30 கோவையிலிருந்து புறப்பாடு. 10.00 பால் கறத்தல் (குழந்தைகள் முன்வரிசையில்). 10.30 கன்றுக்குட்டியைத் தடவுதல். 11.00 சாண எரிவாயு பற்றி விளக்கம். 11.20 கறுப்பு வெள்ளை மாட்டுடன் குழுப்படம். 12.00 மாடுகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டுதல். 12.30 நமக்கு ஊட்டுதல். 2.30 திரும்புதல். பண்ணைக்கார அக்காவிடம் போனில் எப்போது கறப்பீர்கள் என்று கேட்டாரே தவிர, ‘ரெண்டு நேரமுங்க’ என்ற பதிலோடு போனை வைத்துவிட்டார். எந்த இரண்டு நேரம் என்பதை அவரே சாப்பாட்டுக்குத் தோதாக முடிவு செய்துகொண்டார்.

6.30-க்குப் புறப்பட வேண்டிய வண்டி 8.15-க்குப் புறப்பட்டது. ஈச்சனாரியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கியதில் இன்னும் அரைமணி. கிணத்துக்கடவு வந்ததும் பெங்களூரிலிருந்து வந்திருந்த மருமகளுக்குக் காபி வேண்டும், ஆனால் பால் கலக்காமல் வேண்டும். அவள் பாலைத் தொட்டு இரண்டு வருஷமாகிறதாம். பால்பண்ணைக்குப் போகும் வண்டியில் இப்படி ஒரு ஆள் இருப்பது சித்தப்பாவின் மனசை உறுத்தியிருக்க வேண்டும். உடனே ஒரு வினாடி வினா வைத்தார். வெண்மைப் புரட்சியின் தந்தை யார்? “வர்கீஸ் குரியன்” என்றாள் அவள். “அவருக்கும் பால் பிடிக்காது மாமா, அவரே சொல்லியிருக்கார்.” சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர், ஆனந்தில் போய் நாட்டுக்கே பால் ஊற்றியவர், தாம் மட்டும் குடிக்காதவர். சித்தப்பா அடுத்த கேள்விக்குப் போகவில்லை. ஜன்னலைத் திறந்து தென்னந்தோப்பைக் காட்டினார்.

பண்ணை வாசலில் முதல் தடை. பாதையின் குறுக்கே சுண்ணாம்புத்தூளைப் பரப்பி வைத்திருந்தார்கள். செருப்போடு அதை மிதித்துத்தான் உள்ளே வரவேண்டும். வெளியே எங்கேயாவது மிதித்த கோமாரி நோய்க்கிருமி, செருப்போடு கட்டுத்தரைக்கு வந்துவிடக் கூடாது. சென்னை மாப்பிள்ளை பயணத்துக்கென்றே வெள்ளை ஷூ வாங்கியிருந்தார். அவருக்கு நஷ்டம் இல்லை. கறுப்பு ஷூ போட்டவர்களும் அன்று வெள்ளை ஷூக்காரர்கள்தான்.

மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. பதினாறு மாடுகளில் முக்கால்வாசி படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. கலப்பின மாடு ஒரு நாளில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் அசைபோடும். அந்த நேரத்தில் அதன் முகத்தைப் பார்த்தால் நம் நிகழ்ச்சி நிரலைப் பற்றி அதற்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை என்பது தெரியும்.

“எங்கீங்க, இன்னும் கறக்க ஆரம்பிக்கலையா?” என்றார் சித்தப்பா.

“காத்தால நாலரைக்கே கறந்து சொசைட்டிக்கு ஊத்தியாச்சுங்கண்ணா. இனி மூணு மணிக்குத்தானுங்க.”

சித்தப்பா தாளைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். தாளில் ஒரு கோடு விழுந்தது. பட்டியல்காரர்கள் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. ‘மாற்றியமைக்கப்பட்டது’ என்று எழுதுவார்கள்.

அந்நேரம் ஓரத்தில் கட்டியிருந்த ஒரு மாடு தலையைத் தூக்கி நீளமாகக் கத்தியது. திரும்பத் திரும்பக் கத்தியது. சித்தப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. “பாருங்கடா, நம்மளை வரவேற்குது!” குழந்தைகள் கைதட்டினார்கள். ஒரு பயல் பதிலுக்கு ‘அம்மா’ என்று கத்தினான். அமுச்சி பக்கத்தில் போய் மாட்டின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“வரவேற்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பருவத்துக்கு வந்து கத்துது. ஊசிக்காரருக்குப் போன் பண்ணச் சொல்லு.”

“பண்ணியாச்சுங்க ஆத்தா, சாயங்காலம் வர்றாருங்க” என்றார் அக்கா.

“எதுக்கு ஊசி? காய்ச்சலா?” என்று கேட்டது ஏழு வயசு. சினை ஊசி நிரலில் இல்லை. ‘கன்றுக்குட்டியைத் தடவுதல்’ அவசரமாக முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. பெற்றோர்கள் அவ்வளவு ஒற்றுமையாக ஒரே திசையில் நடந்து நான் பார்த்ததில்லை.

சர்க்கரைப் பொங்கல் தூக்கைத் திறந்ததும் அக்கா ஓடிவந்து தடுத்தார். பச்சைத் தட்டும் வைக்கோலும் தின்று பழகிய வயிற்றில் சோறு நிறைய இறங்கினால் அது புளித்து அமிலமாகிவிடும். மாடு தீவனத்தைத் தொடாமல் வயிறு உப்பிப் படுத்துவிடும். “மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் பூரா டாக்டருக்கு இதே வேலைதானுங்க” என்றார். முந்திரி போட்ட பொங்கல் ஒரு தூக்கு முழுக்க மிச்சம். 12.00-ம் 12.30-ம் ஒன்றாக இணைக்கப்பட்டன. இந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் எதிர்ப்பு இல்லை.

மூன்று மணிக்குக் கறவை. பத்தொன்பது பேரும் கட்டுத்தரையில் நுழைந்து, பாதிப்பேர் போனை நீட்டிக்கொண்டு, மீதிப்பேர் ‘சத்தம் போடாதீங்க’ என்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றோம். மடியைக் கழுவி எந்திரத்தை மாட்டினால் பால் வரவில்லை. கழுவித் தடவும்போது மாட்டின் உடம்பில் ஊறும் ஒரு சுரப்புதான் பாலை இறக்கிவிடும். அதன் வேகம் ஐந்து, ஏழு நிமிஷத்துக்குத்தான். அதற்குள் மாடு மிரண்டால் பாலை அடக்கிக்கொள்ளும். அன்று மிரட்டியது சித்தப்பாவின் வர்ணனை. “இப்ப பால் வரும் பாருங்க” என்று அவர் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அது காதை மடக்கியது. அக்கா பொறுமையானவர். “எல்லாரும் அந்தப் பக்கம் தென்னமரத்துக்கிட்ட நில்லுங்கண்ணா, அங்கிருந்தே தெரியும்” என்றார். தென்னமரத்திலிருந்து மாட்டின் வால் தெரிந்தது. அதற்குள் பால் இறங்கிவிட்டது. பேரன் வாலைப் படமெடுத்துக்கொண்டான். பாக்கெட் எங்கே என்று கேட்டான்.

இத்தனைக்கும் நடுவில் சித்தப்பா ஒரு தடவைகூட மாட்டைத் தொடவில்லை. எடுத்த படங்களில் எல்லாம் ஓரத்தில் ஒரு கை மட்டும் வரும், வரிசையில் நிற்கச் சொல்லும் கை. கறந்த பாலில் போட்ட காபி வந்தபோதும் டம்ளரை எண்ணிக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை. ஆறிய பிறகு பேச்சுக் கொடுத்தார்.

“ஏனுங்கம்மா, நீங்க குடும்பத்தோட எங்கயாச்சும் ஒருநாள் வெளிய போவீங்களா?”

“எங்கீங்கண்ணா. ரெண்டு நேரமும் கறக்கோணுமல்ல. தங்கச்சி கல்யாணத்துக்கே முகூர்த்தத்துக்குப் போயிட்டு மூணு மணிக்குத் திரும்பியாச்சு. மாடு வத்துனாத்தானுங்க லீவு. பதினாறும் ஒண்ணாவா வத்துது?”

அன்று முழுக்க மங்கிக் கிடந்த சித்தப்பாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. தாளைத் திருப்பி வெறும் பக்கத்தில் கோடு கிழித்தார். மாட்டுக்குச் சினைக்காலம் எவ்வளவு என்று கேட்டார். சுமார் 280 நாள் என்றார் அக்கா. கன்று போடுவதற்கு முன் எத்தனை நாள் கறக்காமல் விடுவீர்கள்? ரெண்டு மாசம். சித்தப்பா விரலை மடக்கினார்.

“அவ்வளவுதானுங்களே. பதினாறுக்கும் ஒரே வாரத்துல ஊசி போட்டுருங்க. கடைசி ரெண்டு மாசம் பதினாறும் ஒண்ணா வத்தி நிக்கும். கறவையே இல்ல. ஊட்டி, கொடைக்கானல், முடிஞ்சா காசி. நான் பட்டியல் போட்டுத் தர்றேன்.”

அக்கா போசியைக் கழுவிக் கவிழ்த்தார். “ரெண்டு மாசம் சொசைட்டிக்குப் பால் யாரு ஊத்தறதுங்கண்ணா? அதுவுங்கூடப் பரவால்ல. அப்புறம் பதினாறும் ஒரே வாரத்துல கன்னு போடுமல்லங்க, ராத்திரி பகல்னு இல்லாம. அந்த வாரம் நீங்க இந்தப் பத்தொம்பது பேரையும் கூட்டிட்டு வந்துருங்க. வேலைக்கு ஆள் வேணுமல்ல.”

நாங்கள் சிரித்தோம். சித்தப்பா சிரிக்கவில்லை. வண்டி ஈச்சனாரி தாண்டுவதற்குள் 280-ஐக் கூட்டித் தேதியைக் கண்டுபிடித்து, ‘இறுதி 3’ என்று புதுக் குழு தொடங்கிவிட்டார். யார் யார் வர முடியும் என்ற வாக்கெடுப்பு இன்னும் மூடப்படவில்லை. இதுவரை ஒரே ஓட்டு, அமுச்சியுடையது. ‘வருவேன்’ என்று போட்டிருக்கிறாள்.