வஞ்சிரப் பிரமாணம்

ஒரு பொருள் உண்டு என்பதை எதனால் அறிகிறோம் என்ற கேள்விக்கு நையாயிகர்கள் பிரத்தியட்சம், அநுமானம், உபமானம், சப்தம் என்று நான்கு பிரமாணங்களை வகுத்து, குடத்தையும் துணியையும் மலைமேற் புகையையும் உதாரணமாகக் காட்டிப் பல நூற்றாண்டுகள் வாதம் புரிந்தார்களேயன்றி, வஞ்சிர மீனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமற் போனது நம் தத்துவ சரித்திரத்துக்கு நேர்ந்த பெருங்குறை என்றே சொல்ல வேண்டும். குடம் வைத்த இடத்தில் இருக்கும். துணி மடித்த இடத்தில் இருக்கும். நீருக்கடியில், அதுவும் நாம் கடலேறுவதற்கு முதல் நாள் வரையில் மட்டும் திரளாக இருந்துவிட்டு நீங்கும் ஒரு வஸ்துவை எப்பிரமாணத்தால் நிச்சயிப்பது என்பதன்றோ கடினமான கேள்வி! அக்குறையை இயன்ற அளவு நிவர்த்திக்கும் பொருட்டே, கோவளத்துக்குத் தெற்கிலும் மாமல்லபுரத்துக்கு வடக்கிலுமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அமைந்த திருவிடந்தையைக் களமாகக் கொண்டு இவ்வாராய்ச்சி மேற்கொள்ளப்படுகிறது.

முன்னோர் மொழிந்தவற்றை முதலில் வணங்கிவிடுவது மரபு. சென்னை ராஜதானியில் படை மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரையில் பகுதி பகுதியாக வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூல், எந்த மீனுக்கு எத்தனை துடுப்புக் கதிர்கள் என்பதைச் சந்தேகத்துக்கிடமின்றி எண்ணிக் கொடுக்கிறது. அம்மீன் தூண்டிலில் ஏன் ஏறவில்லை என்பதை விளக்குவது அதன் நோக்கமன்று. அதே ராஜதானியின் சிவில் உத்தியோகஸ்தர் எச். எஸ். தாமஸ் 1873-இல் எழுதிய தூண்டில் நூலோ பெரும்பாலும் ஆற்று மீனின் சௌந்தரியத்திலேயே மனம் பறிகொடுத்து நின்றுவிடுகிறது. ஆகவே, கடல் நமக்கென்றே விடப்பட்டிருக்கிறது.

இச்சாஸ்திரத்துக்கு அதிகாரிகளான மீன்கள் எவை? தூண்டிலைக் கவ்விய பின் சண்டையிடாமல் படகுக்கு வந்துவிடும் மீன், எத்துணை சுவையுடையதாயினும், விலக்கத்தக்கது. வஞ்சிரம், பாறை, சீலா, சூரை, கடல் விரால், மயில் மீன் ஆகியவை கொள்ளத்தக்கவை. மிதக்கும் மரக்கட்டையையோ மிதவையையோ கண்டால் அதன் நிழலில் தங்கிவிடும் கடல் விரால் இவற்றுள் சாது. பாறையோ எண்பது கிலோ வரை வளரக்கூடியதும், கொக்கி பட்ட கணத்தில் அடிக்கல்லுக்குள் பாய்ந்து தங்கூசியை அறுத்துக்கொண்டு போவதுமான மகா முரடு. கொடுவாவை மட்டும் வருத்தத்தோடு நீக்குகிறோம். அருகிலுள்ள முட்டுக்காட்டில் 1997-இலேயே விஞ்ஞானிகள் அதனைத் தொட்டியில் முட்டையிடச் செய்துவிட்டபடியால், அதன் இருப்பில் எவருக்கும் ஐயமில்லை.

பிரத்தியட்சம் ஒன்றையே பிரமாணமாகக் கொள்பவர் சார்வாகர். அந்த மதம் அழிந்துவிட்டதாக எழுதுகிறவர்கள் கோவளம் மீன் கடைக்குச் சென்றதில்லை. அங்கே அமர்ந்திருக்கும் அம்மாள் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுவாள்; விரலால் சதையை அழுத்தி, குழி விழவில்லை என்பதையும் காட்டுவாள்; அதற்கு மேற்பட்ட சொர்க்கம், நரகம், நேற்றைய மீன் எதையும் அவள் ஒப்புக்கொள்வதில்லை. கடலில் இருக்கும் மீனைப் பற்றி அவளிடம் கேட்டபோது, “கூடையில இருந்தா மீனு, கடல்ல இருந்தா தண்ணி” என்றாள். இத்தனை சுருக்கமாகப் பிருகஸ்பதியும் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

இனி, அநுமானம். மலையிற் புகை கண்டு தீயை ஊகிப்பது பழைய உதாரணம்; கடலில் ஆலாக் கூட்டம் கண்டு வஞ்சிரத்தை ஊகிப்பது நமது உதாரணம். கீழேயிருந்து வஞ்சிரமும் சூரையும் துரத்த, மத்தியும் நெத்திலியும் மேலே பொங்கியெழ, அவற்றைக் கொத்த ஆலாக்கள் வட்டமிட்டு விழுகின்றன என்பது வியாப்தி. எங்கெங்கு ஆலா விழுகிறதோ அங்கங்கு மீன் என்ற இவ்விதி கேட்பதற்கு இனிது. ஆனால் விசைப்படகு வலையிலிருந்து கழித்துக் கொட்டும் சில்லறை மீனுக்கும் அதே ஆலாக்கள் அதே ஆர்ப்பாட்டத்தோடு விழுகின்றன என்பதை, முழு வேகத்தில் மூன்று மைல் ஓடி டீசலையும் தீர்த்த பிறகே அறிகிறோம். தர்க்க நூலார் இதனை ஹேத்வாபாசம் என்பர், படகோட்டி இதற்கு இட்டிருக்கும் பெயர் அச்சேறத்தக்கதன்று.

படகோட்டியின் அநுமான முறை நம்முடையதினும் மேலானது என்பதை ஒப்புக்கொள்ளாத ஆராய்ச்சியாளன் கரையிலேயே இருப்பது நலம். நாம் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தையும் கையடக்கக் கருவியின் எண்களையும் மாறி மாறி நோக்கிக்கொண்டிருக்க, அவர் கையை நீரில் ஒருதரம் விட்டு எடுத்தார். நீரோட்டம் தெற்கேயிருந்து வருகிறதா, வடக்கேயிருந்தா, மேல்நீர் ஒருபுறமும் அடிநீர் வேறுபுறமும் ஓடுகிறதா என்று பார்த்தார். கலங்கல் நீரும் தெளிநீரும் கோடு கிழித்தாற்போற் பிரியும் விளிம்பில் படகைத் திருப்பினார். இரைமீன் அவ்விளிம்பில் ஒதுங்கும். அதைத் தின்னும் மீன் தெளிவான பக்கத்தில் காத்திருக்கும். கடலடிக் கல்திட்டாகிய பார் இருக்கும் இடம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, கரையில் ஒரு பனையையும் ஒரு கோபுரத்தையும் காட்டி, “ரெண்டும் ஒண்ணா வந்தா பாரு மேல நிக்கிறோம் சார்” என்றார். அடியிலே கல் உண்டு என்பதற்கு மேலே பனை ஹேதுவாவது எந்தத் தர்க்க நூலிலும் காணாத அபூர்வம்.

உபமானப் பிரமாணத்துக்கு வருவோம்; இச்சாஸ்திரத்தின் ஜீவன் இதில்தான் இருக்கிறது. பசுவைப் போன்றது கவயம் என்று கேள்வியுற்றவன், காட்டில் அத்தகைய மிருகத்தைக் கண்டதும் இதுவே கவயம் என்று தேர்கிறான். இந்த யுக்தியைக் காட்டிலிருந்து கடலுக்குக் கொண்டுவந்து, மனிதன் அறிவதற்குப் பதிலாக மீன் ஏமாறுவதற்குப் பயன்படுத்தியவர்களுள் தலைசிறந்தவர் பின்லாந்து நாட்டுச் செம்படவர் லௌரி ராப்பாலா. காயம்பட்டு ஒருபுறம் சாய்ந்து தள்ளாடும் சிறு மீனையே பெருமீன் தேர்ந்து கவ்வுகிறது என்பதைக் கவனித்த அவர், 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கி மேலே பூசி ஒரு பொய்மீன் செய்தார். மத்தியைப் போன்றது உணவு என்று கருவிலேயே உபதேசம் பெற்ற வஞ்சிரம், ‘இதுவே அது’ என்று உபமானத்தால் தெளிந்து, வாயை மூடிக்கொள்கிறது. தத்துவ விசாரத்தால் உயிரிழக்கும் பிராணி உலகில் இது ஒன்றே.

உபமானத்தின் உட்பிரிவுகள் மூன்று. படகை மெல்ல ஓடவிட்டுப் பொய்மீனைப் பின்னால் இழுப்பது வஞ்சிரத்துக்கும் சூரைக்கும். ஈயப் பட்டையைப் பாரின் மேல் இறக்கி வெட்டி வெட்டி ஏற்றுவது அடியில் உறைபவற்றுக்கு. வாய்குழிந்த மரத்துண்டை வீசி நீரில் ‘பொளக் பொளக்’ என்று அதட்டுவது பாறைக்கு. வஞ்சிரத்தின் பல் கத்தரிக்கோலாதலால் தங்கூசிக்கும் கொக்கிக்கும் இடையே ஒரு சாண் எஃகுக் கம்பி இன்றியமையாதது. மேலும் அது இரையின் வாற்பாதியை நறுக்கிக்கொண்டு தலைப்பாதியை நமக்கு விட்டுப்போகும் சுபாவமுடையதாகையால், அசல் மத்தியைக் கோப்பவர்கள் வாலருகே மற்றொரு கொக்கியும் மறைத்து வைக்கிறார்கள். ரீலின் பிடிப்பைத் தங்கூசி தாங்கும் பளுவில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வைக்க வேண்டும் என்பது விதி. மீன் ஓடும்போது பதற்றத்தில் அதனை இன்னும் திருகி இறுக்கிவிடுவது வழக்கம். வழக்கத்துக்கும் விதிக்கும் நடக்கும் வழக்கில் மீன் விடுதலையாகிறது.

எஞ்சிய சப்தப் பிரமாணம், உண்மையே உரைக்கும் ஆப்தன் ஒருவனின் வாக்கைச் சார்ந்தது. தூண்டிற்காரன் ஆப்தனாவானா? மயில் மீன் மணிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்துவதாகப் பல கலைக்களஞ்சியங்கள் அச்சிட்டுவந்தன. மூலத்தைத் தேடிப் போனால், பிளோரிடாவில் லாங் கீ என்ற மீன்பிடி முகாமில் ஒரு மயில் மீன் மூன்று நொடியில் நூறு கஜம் தங்கூசியை இழுத்துச் சென்றது என்ற கதையில் போய் நிற்கிறது. 2016-இல் ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தபோது, நொடிக்கு எட்டு மீட்டரை ஒட்டிய வேகமே கிடைத்தது. மீதி வேகம் முழுவதும் வாக்கின் வேகம். 1939-இல் நியூயார்க்கில் தோன்றிய சர்வதேசத் தூண்டில் மீன் சங்கம், சாதனை கோருபவனின் தூண்டிற்கோலைச் சண்டையின்போது வேறொருவர் தொட்டாலே சாதனை செல்லாது என்று விதித்தது இத்தகைய வாக்குகளுக்கு அஞ்சியே போலும். திருவிடந்தைப் படகில் மீன் கவ்விய மாத்திரத்தில் நான்கு ஜோடிக் கைகள் கோலின்மேல் விழுவதால், நம் கடலிலிருந்து சாதனைகள் பதிவாகாமைக்கு மீனின் அளவு காரணமாகாது.

ஆயினும் இக்கரையில் மிகப் பிரபலமான சப்தம் படகோட்டி வாக்குதான்: “நேத்து வந்திருக்கணும் சார், வஞ்சிரம் கும்பலா நின்னுச்சு.” இதனைப் பொய்யென்று தள்ளுதல் எளிது; நாம் தள்ளவில்லை. ஒன்றும் கிட்டாமல் திரும்பிய அநுபவத்தைப் பாட்ட மீமாம்சகர் அநுபலப்தி என்று தனிப் பிரமாணமாகவே ஏற்றிருக்க, மீன் இன்று இல்லை என்பது நமக்கு ஐயமற உறுதிப்பட்டது. இன்று இல்லாதது என்றைக்கோ இருந்தாக வேண்டும்.

என்றைக்கு என்பதற்கு ஸ்தல புராணத்திலேயே குறிப்பு உண்டு. காலவ மகரிஷியின் 360 கன்னியரை நாளொன்றுக்கு ஒருவராக வராகப் பெருமாள் மணந்து, கடைசி நாளில் அனைவரையும் ஒருத்தியாக்கி இடப்பாகத்தில் அகிலவல்லியாக ஏற்றார். அதனாலேயே நித்தியகல்யாணப் பெருமாள் என்று திருநாமம். வருஷத்துக்கு நாட்கள் 365. கல்யாண நாட்களில் ஊர் முழுவதும் விருந்துக்கென்று பிடிபட்டுவிடும் அபாயமிருப்பதால் மீன்கள் ஆழ்கடலுக்கு ஒதுங்கிவிடுகின்றன என்றும், மிஞ்சிய ஐந்து நாட்களில் மட்டுமே கரையணுகித் தூண்டில் ஏறுகின்றன என்றும் கொள்வதே பொருத்தம். அந்த ஐந்து நாட்கள் எவை என்பதைப் பஞ்சாங்கம் எதுவும் குறிக்காததால், இம்முடிபைப் படகோட்டியிடமே எடுத்துரைத்தோம். அவர் இயந்திரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஞாயித்துக்கிழமை படகு காலியாத்தான் கீது சார், பாதி அட்வான்ஸு குடுத்துட்டுப் போங்க” என்றார்.