அரை நொடி வீரம்

மடக்கி வைப்பதற்கென்றே செய்த ஒரு பொருளை மின்னல் வேகத்தில் திறக்க வேண்டும் என்று மனிதன் படும் பாடு இருக்கிறதே, அது தனி வரலாறு. அவ்வளவு அவசரமென்றால் மடக்காமலே வைத்திருக்கலாம். ஆனால் அப்படிப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எதிரிக்கு வேலை இருக்காது.

அந்தக் காலத்து மடக்குக் கத்தியைத் திறக்க இரண்டு கையும் ஒரு நல்ல நகமும் வேண்டும். முந்தின நாள்தான் நகம் வெட்டியிருந்தால் பல்லையும் துணைக்குக் கூப்பிட வேண்டும். 1981-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஸ்பைடர்கோ நிறுவனம் கத்தியின் அலகில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டு, பிடியில் கிளிப் வைத்து விற்றது. கட்டைவிரலை ஓட்டையில் வைத்துத் தள்ளினால் ஒரே கையால் திறந்துவிடும். பிறகு எர்னஸ்ட் எமர்சன் என்பவர் அலகின் முதுகில் ஒரு கொக்கி வைத்தார். எதிராளியின் கத்தி வழுக்கி வந்து நம் விரலைப் பதம் பார்க்காமல் இருக்கத்தான் அந்தக் கொக்கி. ஆனால் உருவும்போது அது பையின் ஓரத்தில் மாட்டி, கத்தி வெளியே வரும்போதே விரிந்துவிடும் என்பது தெரிந்ததும், அதுவே அதன் பெருமையாகிவிட்டது.

டென்வரில் இருக்கும் என் மச்சினனிடம் அந்த ரகக் கத்தி ஒன்று இருக்கிறது. தினமும் கராஜில் நின்று ‘சடக்’, ‘சடக்’ என்று உருவிப் பழகுகிறான். திருடன் யாரும் இதுவரை வரவில்லை. காயம் பட்டதெல்லாம் ஜீன்ஸுக்குத்தான். வலது பையின் பின்மூலையில் தையல் பிரிந்து, நீலம் போய் வெள்ளை நூல் மட்டும் மீசை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி அதை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டே, “ஏன்டா, உனக்கு யாருடா எதிரி?” என்றாள். “எப்ப வருவான்னு சொல்ல முடியாதுக்கா” என்றான்.

எதிரி இல்லாத குறையை நான் தீர்த்து வைத்தேன். மொக்கையான அலகு வைத்த பயிற்சிக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு அவன் சோபாவில் உட்கார்ந்தான். நான் தோசைக்கரண்டியோடு சமையலறையிலிருந்து பாய்ந்தேன். உட்கார்ந்திருப்பவனின் ஜீன்ஸ் பைக்குள் கை அவ்வளவு சுலபமாகப் போகாது என்பது எந்த விளம்பரத்திலும் இல்லை. முதலில் கார் சாவி வந்தது. அடுத்து கைக்குட்டை. நான் கரண்டியை அவன் தலைக்கு மேல் ஓங்கியபோது, “ஒரு நிமிஷம் இருங்க மாமா” என்றான்.

பாய்ந்து வருகிறவன் எவ்வளவு அவகாசம் தருவான் என்பதை 1983-லேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். சால்ட் லேக் சிட்டி போலீஸில் இருந்த டென்னிஸ் டூலர், ஓர் ஆள் 21 அடி தூரத்தை சுமார் ஒன்றரை நொடியில் ஓடிக் கடந்துவிடுவான் என்று எழுதினார். இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கும் போலீஸ்காரருக்கே அந்த அவகாசம் இழுபறி. சமையலறையிலிருந்து சோபா பத்தடிகூட இல்லை.

தப்பித்தவறி வேகமாகத் திறந்துவிட்டாலும் சிக்கல்தான். நியூயார்க்கில் 2019 வரை ஒரு சட்டம் இருந்தது. மணிக்கட்டை உதறினால் கத்தி திறந்துகொண்டு நின்றுவிட்டால், அது தடை செய்யப்பட்ட ஆயுதம். கடையில் பகிரங்கமாக வாங்கி வேலைக்கு எடுத்துப்போன தொழிலாளிகள்கூட மாட்டிக்கொண்டார்கள். கத்தி குற்றவாளியா நிரபராதியா என்பது உதறிப் பார்க்கும் போலீஸ்காரரின் கைவாகைப் பொறுத்ததாக இருந்தது.

உண்மையிலேயே தற்காப்பு சொல்லித்தருகிறவர்கள் இந்த அரை நொடிக்கெல்லாம் மயங்குவதில்லை. பர்ஸைக் கேட்டால் கொடு, வழி இருந்தால் ஓடு என்பதுதான் அவர்களின் முதல் பாடம். கத்தி வெளியே வந்துவிட்டால் ஜெயித்தவனுக்கும் தையல் போட வேண்டியிருக்கும், அதற்கப்புறம் வக்கீலையும் பார்க்க வேண்டியிருக்கும்.

என் மனைவி இதையே சுருக்கமாகச் சொன்னாள்: “பேசாம ஓடுறதுக்கு நல்ல ஷூ ஒண்ணு வாங்குடா.”

மச்சினன் அக்கா பேச்சைத் தட்டாதவன். மறு வாரமே ஷூ பார்சல் வந்தது. வாசலிலேயே நின்று, பெட்டியின் டேப்பை அறுக்க அசல் கத்தியை உருவினான். சும்மா சொல்லக்கூடாது, கண் இமைக்கும் நேரம்தான். டேப்பும் கிழிந்தது, புது ஜீன்ஸும் கிழிந்தது.