குடும்ப வக்கீல்

எங்கள் குடும்பத்தில் வக்கீல் கிடையாது. அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன். தகுதி என்று பார்த்தால், வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுக்கத் தெரியும்.

அத்தை தன் வீட்டை மகனுக்கு செட்டில்மென்ட் எழுதியபோது, ஆயுள் உள்ளவரை தானே இருந்து அனுபவிக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார். எட்டாவது படித்தவரின் யோசனை அது. பிறகு அத்தான் லேத் பட்டறைக்காக அந்த வீட்டின்மேல் கடன் கேட்டார். அம்மாவும் அடமானத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றது வங்கி.

"நீ படிச்ச பிள்ளை, பார்த்துச் சொல்லுடா" என்றார் அத்தை.

பார்த்தேன். பெயரில் எழுத்துப்பிழை இல்லை. "சும்மா ஃபார்மாலிட்டி அத்தை, போடுங்க" என்று இடத்தையும் விரல் வைத்துக் காட்டினேன்.

வங்கி சும்மா கேட்கவில்லை. மகன் தன்னிடம் இருப்பதைத்தான் அடகு வைக்க முடியும். அதாவது, அம்மாவின் காலத்துக்குப் பிறகு வரப்போகும் வீட்டை. அத்தை கையெழுத்துப் போடாதிருந்தால், ஏலத்தில் எடுத்தவர் அவர் காலம்வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட வீட்டை யார் ஏலம் கேட்பார்கள்?

பட்டறை படுத்தது. 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வந்தது. கோர்ட் முத்திரை இல்லையே, வெறும் மிரட்டல் என்று தீர்ப்பளித்தேன். கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி வீட்டை எடுக்கலாம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் விசேஷமாம். அப்புறம் வீரம் வந்து, 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் காட்டி ஆட்சேபம் எழுதினேன். பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை வாங்கிவிட்டுக் கைவிடும் பிள்ளைகளுக்கான பிரிவு அது. அத்தானோ அம்மா மாத்திரை போட்டாரா என்று பட்டறையிலிருந்து போன் செய்கிறவர். ஆட்சேபத்துக்கு வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொன்னது, மிக மரியாதையாக, நாலே வரியில்.

கடைசியில் நிஜ வக்கீலிடம் போனோம். செட்டில்மென்ட் பத்திரத்தைப் படித்து, "பலே, யாரு யோசனை?" என்றார். அடமானப் பத்திரத்தைப் புரட்டியதும், "இதுல போடச் சொன்னது யாரு?" அத்தை வாய் திறக்கவில்லை. அத்தான் திறந்தார்.

ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் பாக்கியைச் செலவோடு கட்டினால் வீட்டை மீட்கலாம் என்றார் வக்கீல். அத்தான் ஊரில் இருந்த மனையை விற்றுக் கட்டினார்.

இப்போதெல்லாம் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், கேஸ் சிலிண்டர் ரசீது உட்பட, அத்தை எதிர்வீட்டு ப்ளஸ் டூ பெண்ணிடம்தான் காட்டுகிறார்.