ஆஸ்பார்ன் பார்க்காத வேகத்தடை

கம்ப்யூட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம் என்று உலகத்தை நம்பவைத்தவர் திருவண்ணாமலையில் வளர்ந்த பையன். சொன்னால் உள்ளூரிலேயே பலர் நம்புவதில்லை. ஆடம் ஆஸ்பார்ன் என்று பெயர். அப்பா ஆர்தர் ஆஸ்பார்ன் ரமணரின் பக்தர். 1964-ல் ரமணாசிரமத்தின் ‘மவுண்டன் பாத்’ இதழைத் தொடங்கி நடத்தியவர். பிள்ளை அமெரிக்கா போய், 1981-ல் ‘ஆஸ்பார்ன் 1’ என்றொரு பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். விலை 1,795 டாலர். திரை 5 அங்குலம். எடை ஏறக்குறைய 11 கிலோ. களம்பூர் பொன்னி அரிசி பத்து கிலோ சிப்பத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். உள்ளே பேட்டரி கிடையாது, போன இடத்தில் பிளக் பாயிண்ட் தேடவேண்டும். விமான சீட்டுக்கு அடியில் நுழையும் என்பதுதான் அதன் பெருமை.

விமானத்தை யோசித்தவர் வாடகைக் காரை யோசிக்கவில்லை. பலனை நான் அனுபவிக்கிறேன்.

எனக்குத் தொழில் வரி ஆலோசனை. ஆரணிப் பட்டு, களம்பூர் அரிசி, செங்கம் ரோட்டு லாட்ஜ் என்று கலவையான வாடிக்கையாளர்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரே குணம், மாதம் 20-ஆம் தேதிக்குள் போடவேண்டிய ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கான கணக்கை 19-ஆம் தேதி ராத்திரி அனுப்புவது. அன்றைக்கென்று சென்னையில் ஏதாவது வேலை வந்து தொலையும். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். காரிலேயே முடித்துவிடலாமே என்று தோன்றத்தானே செய்யும்? சென்னையிலிருந்து திண்டிவனம் வரும் சாலைக்கே ஜி.எஸ்.டி. ரோடு என்றுதான் பெயர்.

முதல் பிரச்சினை, எங்கே உட்காருவது. முன்சீட்டில் கால் நீட்டலாம், ஏ.சி. முகத்தில் அடிக்கும். ஆனால் எங்கள் டிரைவர் விடமாட்டார். “சார், பலூன் வெடிச்சா உங்க லேப்டாப்பு மூஞ்சிலதான் சார் ஆன் ஆவும்” என்றார். சிரிப்பு வந்தாலும் மனிதர் சொன்னது அப்பட்டமான உண்மை. 2021 முதல் புதிய கார்களில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். அது கண் சிமிட்டுவதற்குள் விரிந்துவிடும். நடுவில் எது இருந்தாலும் அதை நெஞ்சோடும் முகத்தோடும் சேர்த்து அறையும். எனவே பின்சீட்டு.

பின்சீட்டிலும் நிம்மதி இல்லை. கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி நின்றால், கார்தான் நிற்கும்; மடியில் இருக்கும் லேப்டாப் அதே 60-ல் பயணத்தைத் தொடரும். அந்த வேகம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம். நம் திருவண்ணாமலைக் கோயில் ராஜகோபுரம் 217 அடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு உயரத்திலிருந்து ஒன்றரைக் கிலோ லேப்டாப்பை ஒருவர் போட, கீழே முன்சீட்டுக்காரரின் பிடரி காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்சீட்டில் என் மனைவி. கணக்கை அவளிடம் சொன்னேன். “ஏங்க, கணக்கை முடிச்சு முடிச்சு இப்ப என் கழுத்துல கண்ணு வெச்சிருக்கீங்களா?” என்றாள்.

அடுத்தது தலைசுற்றல். செஞ்சி தாண்டி இருபது வரி இன்வாய்ஸ் பார்ப்பதற்குள் வயிறு மேலே வரும். காரணம் எளிது: கண் ‘திரை அசையவில்லை’ என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஐயோ, வளைகிறோம், குலுங்குகிறோம்’ என்கிறது. இரண்டு சாட்சிகளும் மாற்றிச் சொல்வதால் மூளை குழம்பிப்போகிறது. என் மனைவி எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, “அதை மூடிட்டு மலையைப் பாருங்க” என்பாள். அவள் சொல்வது பக்தியில். மருத்துவர்கள் சொல்வதும் இதையேதான்: தூரத்தில் அசையாமல் இருக்கும் ஒன்றைப் பார். கீழ்பென்னாத்தூர் பக்கம் வரும்போது அண்ணாமலையைவிட அசையாத பொருள் வேறென்ன கிடைக்கும்? வீட்டுக்காரியும் மருத்துவமும் ஒரே கருத்தில் இருப்பது அபூர்வம் என்பதால் நான் கீழ்ப்படிந்துவிடுகிறேன்.

உட்காரும் வசதி பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். தலையணையை மடியில் வைத்து அதன்மேல் லேப்டாப் வை என்றார் நண்பர். திரை கொஞ்சம் உயர்ந்து கழுத்து வலி குறைகிறது, சரிதான். ஆனால் அடியில் இருக்கும் காற்றுத் துவாரத்தைப் பஞ்சு அடைத்துவிடுவதால் மெஷின் இட்லிப் பானையாகிவிடுகிறது. பையன் பத்தாம் வகுப்பில் வைத்திருந்த பரீட்சை அட்டை இதற்கு எவ்வளவோ மேல். கிளிப் மட்டும் உறுத்தும். சார்ஜ் விஷயத்தில் பேச எனக்கு உரிமை இல்லை. முன்னால் இருக்கும் ஒரே சாக்கெட் டிரைவரின் போனுக்குச் சொந்தம், அதில்தான் மேப் ஓடுகிறது.

தட்டச்சுதான் உண்மையான சோதனை. “சார், ஸ்பீடு பிரேக்கர்!” என்று டிரைவர் கத்தும்போது விரல் பூஜ்யத்தின் மேல் இருந்தால் போச்சு. ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்தால், இவர் நெல் மண்டி வைத்திருக்கிறாரா, தஞ்சாவூர் ஜில்லாவையே வைத்திருக்கிறாரா என்று துறை நோட்டீஸ் விடும். நம் பக்கத்துக் கிராமங்களில் வேகத்தடைக்கு வெள்ளை வண்ணம் அடிப்பது என்பது, அதில் யாராவது விழுந்த பிறகு செய்யும் பரிகாரம். கார் ஓடும்போது படிக்கலாமா, டைப் அடிக்கலாமா என்று என்னிடம் கேட்டால் இரண்டும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். டிரைவர் சீட்டில் இருப்பவர் இந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது.

ஆனால் காரில் லேப்டாப் பிரமாதமாக வேலை செய்யும் ஒரு சூழ்நிலை உண்டு. பௌர்ணமியும் 20-ஆம் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்த ஒரு மாதம், சென்னையிலிருந்து திரும்பினோம். ஊருக்கு வெளியிலேயே கார் நின்றது. நின்றது என்றால், டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி இளநீர் குடித்து, கடைக்காரரோடு அரசியல் பேசி முடித்தார். 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கப்போகிற கூட்டம் பையும் குழந்தையுமாக எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நான் லேப்டாப்பைத் திறந்தேன். குலுக்கல் இல்லை, தலைசுற்றல் இல்லை, ஓ.டி.பி.கூட வந்தது. ஒரு பாட்டி கண்ணாடியைத் தட்டி, “தம்பி, இதுல லாட்ஜ் ரூம் கெடைக்குதா பாரேன்” என்றாள். எனக்குத் தெரிந்த லாட்ஜ்காரர்கள் எல்லோருடைய கணக்கும் அப்போது திரையில்தான் இருந்தது. அறைதான் ஒன்றும் இல்லை. கார் நகர்வதற்குள் அந்த மாத ரிட்டர்ன் அனைத்தும் போய்ச் சேர்ந்தன. ஆபீசில் இவ்வளவு அமைதியாக நான் வேலை பார்த்ததில்லை.

எனவே பௌர்ணமிக்குக் காரில் வரும் ஐ.டி. கம்பெனித் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். செஞ்சியில் வண்டியை ஓரங்கட்டி, டீ சொல்லிவிட்டு, அனுப்பவேண்டிய மெயிலை அங்கேயே அனுப்பிவிடுங்கள். பிறகு லேப்டாப்பை மூடிப் பைக்குள் போட்டு டிக்கியில் வையுங்கள். ஊருக்கு வந்ததும் வெயிலில் நிற்கும் காரிலேயே அதை விட்டுவிட்டுக் கிரிவலம் கிளம்பாதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் அடிக்கும் சூட்டை அந்த பேட்டரி தாங்காது, தங்கும் அறையில் வைத்துப் பூட்டுங்கள். வழியில் மெயில் வந்தால் வரட்டும், மேனேஜர் காத்திருப்பார். அப்புறம், பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போடுங்கள். போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய், அதற்கு இன்புட் கிரெடிட் கிடையாது.