ஒரு பிடி மண் தொடர்பாக

அனுப்புநர்: வேம்பார்க் கரைக்காரன் ஒருவன், விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு சுங்கத் துறை அதிகாரிகள், அவர்கள் பக்கத்து மேசையில் இருக்கும் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள்.

பொருள்: இலங்கையிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவர அனுமதி கோருதல்.

ஐயா,

மன்னார்ப் பக்கம் ஒருமுறை போய்வர உத்தேசித்திருக்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இப்போது கப்பல் ஓடுகிறது. 2011-இல் தூத்துக்குடியிலிருந்தே கொழும்புக்கு ஒன்று ஓடியது. ஜூனில் விட்டார்கள், வருஷம் முடிவதற்குள் நிறுத்திவிட்டார்கள். எங்கள் மாவட்டத்துக்கு வாய்த்தது அவ்வளவுதான். திரும்பி வரும்போது அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரையில் ஒரு பிடி மண் எடுத்து வர வேண்டும். தங்கம் கிடையாது, சிகரெட் கிடையாது, வெளிநாட்டுச் சரக்கும் கிடையாது. பிடிபட்ட பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைவிட முன்கூட்டியே எழுதிக் கேட்பது மரியாதை என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

அந்த மண்ணில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வேம்பார், பரதவர்களின் ஏழு கடல்துறைகளில் ஒன்று. இந்தக் கரையிலிருந்து ஆட்கள் அந்தக் கரைக்குச் சிலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, போனார்கள். 1905-இல் அங்கே நடந்தது பெரும் சிலாபம். எடுத்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து, ஒன்றைக் குளியாளுக்குக் கொடுத்துவிட்டு இரண்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. மூச்சை அடக்கியவனுக்கு ஒன்று, கணக்கு எழுதியவனுக்கு இரண்டு. ஆகவே உங்கள் மேசையும் எங்கள் குடும்பங்களும் பழைய அறிமுகம்தான். 1906-இல் அங்கே மேற்பார்வைக்கு வந்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். பின்னாளில் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கும் வெள்ளைக்காரச் சர்க்கார் சம்பளம் கொடுத்தது. அந்தச் செலவை எந்தத் தலைப்பின்கீழ் காட்டினார்களோ, தணிக்கைக்காரர்களுக்கே வெளிச்சம்.

எங்கள் பக்கத்துச் சிலாபமும் 1961-ஓடு முடிந்துவிட்டது. முத்து இல்லாவிட்டால் மண்ணாவது கிடைக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். 1914-ஆம் ஆண்டின் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம். அதன் கீழ் 2003-இல் வந்த தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை. வெளிநாட்டு மண்ணைச் சும்மா கொண்டுவர முடியாது. நுண்ணுயிர் ஆராய்ச்சி, மண் இயக்கவியல், கனிம ஆராய்ச்சி இவற்றுக்கென்றால் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொண்டுவரலாம். பூட்டன் மிதித்த மண் என்ற காரணத்துக்கு அதில் இடமில்லை. 'வம்சாவளி ஆராய்ச்சி' என்று விண்ணப்பத்தில் எழுதினால் ஏற்பீர்களா?

விதி முட்டாள்தனமானது என்று நான் சொல்லவில்லை. நீலகிரியில் 1961-இல் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு ஏறி வந்திருக்கும் என்று நம்பப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பயணிக்காக, நீலகிரி விதைக்கிழங்கை மலையை விட்டு வெளியே அனுப்பவே பிறகு தடை போட வேண்டியிருந்தது. செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூட ஆஸ்திரேலியாக்காரர்கள் விசாரிப்பதில் நியாயம் இருக்கிறது. இத்தாலியின் சார்டினியாத் தீவில் 2019-இல் ஒரு பிரெஞ்சுத் தம்பதி கடற்கரை மணல் சுமார் 40 கிலோவை 14 பாட்டில்களில் நிரப்பிக் காரில் வைத்திருந்து மாட்டிக்கொண்டார்கள். ஞாபகத்துக்கு எடுத்தோம் என்றார்கள். 40 கிலோ ஞாபகம் கொஞ்சம் அதிகம்தான்.

எனவே வேண்டுமானால் என் பிடி மண்ணை வறுத்தே கொண்டுவருகிறேன். நூற்புழு பிழைக்காது. சங்கு, பவளத்துண்டு எதையும் தொட மாட்டேன். கடல் அட்டையை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டீர்கள் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே அட்டையை அக்கரையில் உரிமம் வாங்கிப் பிடித்துக் காயவைத்து ஏற்றுமதி செய்கிறார்கள் என்பதும் தெரியும். எல்லைக்கோடு அட்டைக்குத் தெரியாது என்பதால் எந்த நேரத்தில் அது புலி, எந்த நேரத்தில் அது சரக்கு என்று எங்களுக்குத்தான் குழப்பம்.

இவ்வளவு ஒழுங்காகக் கேட்பவனுக்கு ஒரேயொரு சந்தேகம் உண்டு. கோபிக்கக் கூடாது.

உள்ளே வரும் ஒரு பிடி மண்ணைக் கண்டுபிடிக்க உங்களிடம் கருவி இருக்கிறது, படிவம் இருக்கிறது, பைக்குள் கைவிட்டுப் பார்க்க ஆள் இருக்கிறது. எங்கள் கரையிலிருந்து வெளியே போன மண்ணுக்கு என்ன இருந்தது? கார்னெட், இல்மனைட் என்ற தாது மணலைச் சொல்கிறேன். ஒன்று இரும்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யவும் வெட்டவும் போகிறது. மற்றொன்று பெயின்ட்டுக்கு வெள்ளை நிறம் கொடுக்கப் போகிறது. 2013 ஆகஸ்டில் வைப்பாறு, வேம்பார், பெரியசாமிபுரம் பக்கம் அனுமதியில்லாமல் மணல் அள்ளுவதாக எழுந்த புகாரில் மாவட்ட ஆட்சியர் ஆய்வுக்கு ஆள் அனுப்பினார். ஆய்வு நடந்த சூட்டோடு அவருக்கு மாறுதல் வந்தது. பிறகு ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் சிறப்புக் குழு, செப்டம்பரில் மாநிலம் முழுக்கத் தடை. வழக்கு நடந்து நடந்து, 2025 பிப்ரவரி 17 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. நிறுவனங்களிடமிருந்து வசூலிக்கச் சொன்ன தொகை 5,832 கோடி ரூபாய்க்கு மேல்.

ஐயா, அந்த மணல் யாருடைய கைப்பையிலும் போகவில்லை. லாரியில் வந்து, எடைபோட்டு, காகிதத்தில் முத்திரை வாங்கி, துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. உங்கள் மேசையைத் தாண்டாமல் ஒரு கருப்பட்டிச் சிப்பமே அக்கரை போகாது. பீடி இலையையும் மஞ்சளையும் இரவில் கடத்துகிறவர்களையே கடலுக்குள் துரத்திப் பிடிக்கிறீர்கள். பகலில், வெயிலில், கப்பல் கப்பலாகப் போனது எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது? காகிதம் சரியாக இருந்தது என்பீர்கள். இருந்திருக்கும். அப்படியானால் என் வேண்டுகோள் இன்னும் சுலபம்: ஒரு பிடிக்கு விண்ணப்பிப்பதற்குப் பதில் ஒரு கப்பலுக்கு விண்ணப்பிக்கிறேன். அதற்குரிய படிவத்தையும், எந்த ஆபீஸில் எந்த நாற்காலி என்பதையும் தெரிவிக்கவும். எடுத்து வரும் கப்பலில் ஒரு பிடியை நான் வைத்துக்கொண்டு மீதியை வேம்பார்க் கரையில் கொட்டிவிடுகிறேன். இங்கே பள்ளம் அதிகம்.

கடலுக்குள்ளும் மண் போதவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் முழுகிவிட்டன. சுண்ணாம்புக் காளவாய்க்காகப் பவளப்பாறையை ஆண்டாண்டாக வெட்டியதில் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போனது முக்கியக் காரணம். எங்கள் ஊர்ப் பெயரால் வழங்கும் தீவுக்கூட்டத்தில் உள்ள உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி, நல்லதண்ணித் தீவுகள் இன்னும் தண்ணீருக்கு மேலே இருக்கின்றன. தேசியப் பூங்கா என்பதால் அங்கே கால் வைக்கக் கூடாது, அதற்கும் கட்டுப்படுகிறோம்.

பதிலை என் பயணத்துக்கு முன் அனுப்பினால் நன்று. பயணம் முடிந்த பிறகு வந்தாலும் சட்டம் போட்டு மாட்டிவைப்பேன்.

இங்ஙனம்,
வேம்பார்க் கரைக்காரன்

இணைப்பு: தபால் தலை ஒட்டிய சுய முகவரி உறை ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் கடற்கரை மணல் மாதிரியையும் வைக்கலாம் என்று நினைத்தேன். அது வழக்கில் இருப்பதால் வைக்கவில்லை.